வரி எண் பதினேழு

கொலம்பஸிலிருந்து இரண்டரை மணி நேரம்.
அரசாங்கக் காரின் ஹீட்டர்
இடது காலுக்கு மட்டும் வேலை செய்கிறது.
டோலிடோவில் மௌமி நதி உறைந்து கிடக்கிறது.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பெயர்
மாமி என்றுதான் என் காதில் விழும்.
இன்று மாமி வாயே திறக்கவில்லை.

என் வேலை தலை எண்ணுவது.
நலிந்த வட்டாரம் என்று வரைபடத்தில்
மாநிலம் சாம்பல் பூசிய இடத்தில்
யாராவது கூரை போட்டு
நாற்பது பேருக்குப் புதிதாகச் சம்பளம் கொடுத்தால்
பத்து வருடத்துக்கு வரி கேட்கமாட்டோம்.
நாற்பது இருக்கிறதா என்று
ஒருத்தி போய்ப் பார்க்க வேண்டுமே.

தாளை நான் நம்புவதில்லை.
கோட்டுகளை எண்ணுவேன்.
குளிர்பெட்டியில் பெயர் எழுதிய டப்பாக்களை,
லாக்கர் கதவில் ஒட்டியிருக்கும் பிள்ளைகளின் படங்களை,
கதவோரம் வரிசையாய் நின்று
பனியை உருகவிடும் பூட்ஸ்களை.
ஈரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

கண்ணாடி அறுக்கும் ஆலை.
மேலாளர் வென்டல் ஓஸ்ட்ராண்டரின் புருவத்தில் தூள் மினுங்குகிறது.
“எண்ணிக்கோங்க” என்று காபியை நீட்டுகிறார்.
விதிப்படி வாங்கக் கூடாது.
வாங்கிக்கொண்டேன், விரல் விறைத்திருந்தது.
நாற்பத்தொரு கோட்டு.
ஒன்று கூடுதலாக இருக்கிறதே என்று
மறுபடி முதலிலிருந்து தொடங்கிப் பாதியில்தான் தெரிந்தது,
அது என்னுடையது.

சரியாக இருக்கிறது. கிளம்பியிருக்கலாம்.
விளிம்பு தேய்க்கும் இயந்திரத்தில்
ஐலீன் ப்ரிபில்ஸ்கி நிமிர்ந்தபோது
காலரில் ஒரு வெள்ளி ஊசி:
பதினெட்டு ஆண்டுச் சேவை.
இந்தக் கூரைக்கு வயது இரண்டு.

“முன்னால எங்க இருந்தீங்க?”
கையுறையோடு ஜன்னலைக் காட்டினாள்.
சாலைக்கு எதிர்ப்பக்கம்,
இதே பெயர் வெளிறிப்போன செங்கல் சுவர்.
“ஒரு ஞாயித்துக்கிழமை. ரோட்டை மறிச்சு
நாலு ஃபோர்க்லிஃப்ட். எல்லாருக்கும் பீட்சா.”
சிரித்தாள். நல்ல பீட்சாவாக இருந்திருக்கும்.

நடந்து பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு அடி வைத்தால்
நலிவு முடிந்து
நலம் தொடங்கிவிடுகிறது.
நலத்தின் பக்கத்தில் நைலா சலோமின் சாண்ட்விச் கடை,
ஒடிந்த காலுக்கு டேப் சுற்றிய நாற்காலி.
அவள் முழு வரியும் கட்டுகிறாள்.
“அதே பனி, அதே பள்ளம். நடுவுல உள்ள
மஞ்சக்கோடுதான் என்னைக் கேக்காம போட்டது.”

திரும்பி வந்தேன்.
வென்டல் மறைக்கவில்லை.
“அதைக் கொடுத்திருக்கலைன்னா டென்னஸிக்குப் போயிருப்போம்.
எல்லாரும்தான்.”
இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
போகாமல் நின்றவர்களை எண்ண
என் படிவத்தில் வரி கிடையாது.

வரி.
எங்கள் மொழியில் கோடும் அதுதான்,
அரசுக்குக் கட்டுவதும் அதுதான்,
தாளில் நான் நிரப்ப வேண்டியதும் அதுதான்.
ஒரே சொல் மூன்று ஷிப்ட் பார்க்கிறது,
ஒரு சலுகையும் வாங்காமல்.

பதினேழாம் வரி:
புதிதாக உருவான வேலைகள்.
நவம்பரில் சேர்ந்த ஒரு பையன் இருக்கிறான்,
கண்ணாடித் தூள் பெருக்க. அவன் நிஜம்.
ஒன்று என்று எழுதினால்
கொடுத்ததையெல்லாம் மாநிலம் திருப்பிக் கேட்கும்.
அப்புறம் கோட்டுகள் எந்த ஆணியில் தொங்கும்
என்று யாருக்கும் தெரியாது.
நாற்பது என்று எழுதினால்
ஒன்றும் ஆகாது. அதுதான் உறுத்துகிறது.

மதியம். காரில் இருக்கிறேன்.
ஐலீனும் இன்னும் ஆறு பேரும்
நைலாவின் கடைக்குச் சாலையைக் கடக்கிறார்கள்.
கோடு பனிக்கடியில் எங்கோ இருக்கிறது.
யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பேனாவில் மை இறங்கவில்லை. உறைந்திருக்கும்.
அக்குளில் இடுக்கிக்கொண்டு
அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்,
காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்கிறவள் போல.